மோட்டார் சைக்கிள் இன்ஜினின் ஆயுளைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கச் செல்பவர்களில் பலர் ஓடோமீட்டரைப் பார்த்தவுடனேயே பாதி முடிவை எடுத்துவிடுகிறார்கள். அந்த எண் வண்டி ஓடிய தூரத்தைக் காட்டுமே தவிர, இன்ஜின் எப்படி உழைத்தது என்பதைக் காட்டாது. வீட்டுக்கும் கடைத்தெருவுக்குமாகத் தினமும் 2 கிலோமீட்டர் மட்டுமே ஓடும் இன்ஜின் முழுச் சூட்டை எட்டுவதில்லை என்பதால், எரிதலில் உண்டாகும் நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலந்து, அதன் வழுக்கும் தன்மையைக் கெடுக்கின்றன. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் பல மடங்கு தூரம் ஓடி, உரிய காலத்தில் ஆயில் மாற்றப்பட்ட இன்ஜின் அதைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

சத்தமில்லாத இன்ஜின்தான் நல்ல இன்ஜின் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளித் திறக்கும் பாகத்துக்கும் இடையிலுள்ள சிறு வெளி) கையால் சரிசெய்ய வேண்டிய பல இன்ஜின்களில், வால்வு தான் மூடும்போது பொருந்தி அமரும் இருக்கையில் சிறிது சிறிதாக அமிழும்போது இடைவெளி குறைகிறது. அதனால் சத்தமும் அடங்குகிறது. இடைவெளி அற்றுப்போய் வால்வு முழுதாக மூடாத நிலை வந்துவிட்டால், மூடியிருக்கும் கணங்களில் இருக்கை வழியே வெளியேற வேண்டிய வெப்பம் வால்விலேயே தங்கி, எரிந்த வாயுவை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். லேசான 'டிக்டிக்' ஓசையைக் கேட்டு வண்டியை ஒதுக்குபவர், கருகப்போகும் வால்வுள்ள அமைதியான வண்டியை நல்ல விலை கொடுத்து வாங்கிவிட வாய்ப்புண்டு. குளிர்ந்த இன்ஜினில் ஃபீலர் கேஜை (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்து அளப்பதே நம்பத்தக்க வழி.

ஒரே பெயருள்ள வண்டிகளெல்லாம் ஒரே இன்ஜினைக் கொண்டவை என்று எண்ணுவதும் கணிப்பைக் கெடுக்கும். புல்லட் 350 இதற்கு நல்ல சான்று. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினில் புஷ்ராட் (வால்வைத் திறக்கும் விசையைக் கடத்தும் கம்பி) இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டும். பின்னர் வந்த யுசிஇ (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் அமைந்த) இன்ஜினில் ஹைட்ராலிக் டேப்பட் அந்த வேலையைத் தானே செய்கிறது. 2023இல் வந்த புல்லட்டின் ஜே வரிசை இன்ஜினில் புஷ்ராடே கிடையாது. ஆகவே ஒன்றில் இயல்பான ஓசை மற்றொன்றில் பழுதின் அறிகுறியாகலாம். தாத்தாவின் புல்லட் நெடுங்காலம் உழைத்தது என்பது புதிய புல்லட்டின் ஆயுளுக்குச் சான்றாகாது.

விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்த இன்ஜினைச் சோதிக்கக் கூடாது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிடுங்கள். நெடுநேரம் நின்ற வண்டி முதல் ஸ்டார்ட்டில் மட்டும் நீலப்புகை விட்டால், பெரும்பாலும் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீல் தேய்ந்திருக்கும். வேகமெடுக்கும்போதும் அந்தப் புகை தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ரிங்கை மாற்றுவது செலவு கூடிய வேலை.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) அளவை மட்டும் வைத்தும் தீர்ப்பு எழுத வேண்டாம். த்ராட்டிலை முழுதாகத் திறக்காமல் அளந்தால், நல்ல இன்ஜினும் குறைவாகவே காட்டும். முறையாக அளந்தும் குறைந்திருந்தால், சிலிண்டருக்குள் சிறிது ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்: அளவு உயர்ந்தால் தேய்மானம் ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ இருக்கும், உயராவிட்டால் வால்வைச் சோதிக்க வேண்டும்.