பெட்டி பிரிக்காத பழைய கார்ட்ரிட்ஜும் பிற வீண் செலவுகளும்

இசைத்தட்டைச் சுழற்றிப் பாடவைக்கும் பழைய டர்ன்டேபிளுக்குத் துணைப்பொருள் வாங்கும் இளைஞர்களைப் பார்க்கிறேன். ஒரு காலத்தில் நான் பணம் தொலைத்த அதே இடங்களில் அவர்களும் தொலைக்கிறார்கள். உடைந்த மூடி, அறுந்த கம்பி போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. கண் உள்ளவர்களுக்கு அவை தெரியும்.

சீல் பிரிக்காத கார்ட்ரிட்ஜுக்குக் கூடுதல் விலை கொடுப்பது

ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் சிறு பாகம்தான் கார்ட்ரிட்ஜ். 1970களில் தயாரானது, பெட்டியே பிரிக்கவில்லை, ஒரு பாட்டுக்குக்கூட ஓடவில்லை என்று விற்பவர் சொன்னதும் வாங்குபவருக்குக் கை பரபரக்கிறது. பயன்படுத்தியதைவிடப் பல மடங்கு விலை கொடுத்துவிடுகிறார். அந்தப் பணம் அட்டைப் பெட்டிக்குத்தான் போகிறது. ஊசி பொருத்திய மெல்லிய தண்டை உள்ளே தாங்கி நிற்பது கடுகளவு ரப்பர். பாட்டு ஓடியதா இல்லையா என்பதெல்லாம் அதற்குக் கணக்கில்லை. தயாரான நாளிலிருந்தே வயது ஏறிக்கொண்டிருக்கிறது. சில ரகங்களில் இறுகிவிடும், சிலவற்றில் இளகிப் பிசுபிசுத்துவிடும்.

அண்மையில் நண்பரின் மகன் அப்படி ஒன்றை வரவழைத்து, என் முன்னால்தான் பிரிப்பேன் என்று எடுத்துவந்தார். உள்ளே குட்டித் திருப்புளி, திருகாணிகள், அச்சடித்த கையேடு எல்லாம் பத்திரமாக இருந்தன. ஊசி அழுத்தத்தை 1.5 கிராமுக்குச் சரிசெய்து இசைத்தட்டின்மேல் இறக்கினோம். தண்டு மேல்நோக்கி மடங்கிக்கொள்ள, கார்ட்ரிட்ஜின் அடிப்பாகமே தட்டில் உரசியது. விற்றவருக்கு எழுதினால், சீல் பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று பதில் வந்தது. பிரிக்காமல் பழுது தெரியாது. பிரித்தால் பணம் திரும்பாது. இந்த வியாபாரத்துக்குப் பெயர் அரிய சேகரிப்பாம்!

இறுகிய ரப்பர் இதைவிட மோசம், ஏனென்றால் அது பாடும். ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறும். தாள ஒலி கனக்கும் இடங்களில் ஊசி துள்ளும். தட்டு தேய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். அதைத் தேய்த்துக்கொண்டிருப்பதே அந்த ஊசிதான்.

ஊசித் தண்டோடு சிறு காந்தம் அசையும் மூவிங் மேக்னெட் வகையில் ரப்பர் இருப்பது கழலக்கூடிய ஊசிப் பகுதியில். கம்பிச் சுருள்கள் உள்ள உடல் பகுதி எளிதில் கெடாது. ஆகவே பயன்படுத்திய உடலை மலிவாக வாங்கி, ஜப்பானின் ஜிகோ போன்ற நிறுவனங்கள் இப்போது தயாரிக்கும் புதிய ஊசியை மாட்டுங்கள். 2018இல் தயாரிப்பை நிறுத்திய ஷூர் கார்ட்ரிட்ஜ்களுக்கு இந்த வழிதான் கைகொடுக்கிறது. காந்தத்துக்குப் பதில் கம்பிச் சுருளே அசையும் மூவிங் காயில் வகையில் பெரும்பாலும் ஊசியைக் கழற்ற முடியாது. அங்கே பழைய சீல் பெட்டிக்கு அலைவதைவிட, 1960களில் வந்து இன்றும் தயாராகிவரும் டெனான் டிஎல்-103ஐப் புதிதாகவே வாங்கிவிடலாம். பழையதுதான் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால், உரிய அழுத்தத்தில் தட்டின்மேல் ஊசி நிற்கும்போது பக்கவாட்டில் எடுத்த படத்தைக் கேளுங்கள். பெட்டியின் படம் எதற்கும் உதவாது.

‘சில மணி நேரமே ஓடிய ஊசி’

நுண்ணோக்கியில் எடுத்த படம் இல்லையென்றால், ஊசியின் மதிப்பைப் பூஜ்யமாக வைத்துப் பேரம் பேசுங்கள்.

பெல்ட்

மோட்டாரின் சுழற்சியைத் தட்டுக்குக் கொண்டுபோகும் இதுவும் ரப்பர்தான். பழையது எதுவும் வேண்டாம்.

ஹெட்ஷெல், ஊசி அழுத்தத் தராசு

கார்ட்ரிட்ஜை மாட்டும் முனைப் பகுதிதான் ஹெட்ஷெல். இவை இரண்டும் பயன்படுத்தியதே போதும். ஹெட்ஷெல் கம்பிகளின் முனை பச்சை பிடித்திருந்தால் கம்பிகளை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

ஸ்ட்ரோப் தட்டும் புல்லியும்

ஸ்ட்ரோப் தட்டு என்பது சுழலும் வேகத்தைச் சரிபார்க்கும் கோடு போட்ட வட்டு; மின்விளக்கின் கீழே கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. புல்லி என்பது மோட்டார் முனையில் பெல்ட்டை ஓட்டும் சிறு சக்கரம். இவை புதியவையா பழையவையா என்பது பொருட்டே அல்ல. எந்த நாட்டு மின்சாரத்துக்குச் செய்தவை என்பதே கேள்வி. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்கான ஸ்ட்ரோப் தட்டில் நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்துக்கு 216 கோடுகள் இருக்கும். நம் 50 ஹெர்ட்ஸுக்கு 180 வேண்டும். மாறிவிட்டால், சரியாகச் சுழலும் டர்ன்டேபிளைத் திருகிக் கெடுத்துவிடுவீர்கள். பல எல்இடி விளக்குகளின் கீழே கோடுகளே தெளிவாகத் தெரியாது என்பது வேறு தொல்லை.

புல்லி வாங்கும்போது ஜப்பான் விற்பனையாளர்களிடம் கூடுதல் கவனம் தேவை. அந்நாட்டின் கிழக்கில், டோக்கியோ பக்கம், 50 ஹெர்ட்ஸ். ஒசாகா உள்ள மேற்கில் 60. மின்சார அதிர்வெண்ணை நம்பிச் சுழலும் ஏசி மோட்டாரில் மேற்குப் பகுதிப் புல்லியை இங்கே மாட்டினால், 33⅓ சுற்றில் ஓட வேண்டிய தட்டு 28க்கும் கீழே இறங்கிவிடும். வீட்டு டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை ஜப்பான் கருவிகளுக்கேற்ற 100 ஆக்குமே தவிர, ஹெர்ட்ஸை மாற்றாது. பணம் அனுப்பும் முன்பு, புல்லி எந்த ஹெர்ட்ஸுக்கு உரியது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.