கோத்தகிரிச் சோலையில் இரண்டு நாள்: பறவை நோக்கச் செல்வோருக்கு

வார இறுதியில் பறவை பார்க்க மலையேறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நாளுக்குள் ஐந்து இடங்களை அடைத்துக்கொண்டு, எந்த இடத்திலும் அரை மணி நேரம் நிற்காமல் திரும்பிவிடுகிறார்கள். நீலகிரிக்குச் செல்வதாயின், கோத்தகிரியை ஒட்டியுள்ள லாங்வுட் சோலை ஒன்றே ஒரு பயணத்துக்குப் போதுமானது. 116 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காடு 2024ஆம் ஆண்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவையினங்களில் 14 இங்கே வாழ்கின்றன என்று அப்போது பதிவு செய்யப்பட்டது.

வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிப் பக்கம் வலுவாகப் பெய்யும் என்பதால், மழை ஓய்ந்த ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முடியச் செல்வதே நல்லது. நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். காப்புக்காடு என்பதால் சோலைக்குள் செல்ல வனத்துறையின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டத்தில் தடை உள்ளதால் எவர்சில்வர் குடுவை கொண்டுசெல்லுங்கள். பைனாகுலர் வாங்கும் எண்ணமிருந்தால் 10×42 வகையை விட 8×42 வகையையே நான் பரிந்துரைப்பேன் (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்): சோலைக்குள் வெளிச்சம் குறைவு, பறவையும் பத்து இருபது அடி தூரத்தில்தான் இருக்கும், ஆகவே கூடுதல் உருப்பெருக்கத்தை விட, வெளிச்சமான, அகன்ற காட்சியே அங்கே உதவும்.

சனிக்கிழமை காலை நன்கு விடிந்தபின் புறப்படுங்கள். இருட்டோடு கிளம்பும் ஆர்வம் புரிகிறது என்றாலும், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் அந்த நேரத்தில் கரடியும் காட்டுமாடும் நடமாடுவது அன்றாட நிகழ்ச்சி. சோலைக்குள் நுழைந்ததும் நடப்பதை நிறுத்திவிட்டு, பாதையோரமாக ஓரிடத்தில் இருபது நிமிடமேனும் பேசாமல் நில்லுங்கள். முதலில் ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும். பிறகு எங்கோ புதருக்குள்ளிருந்து ஒருவர் தொடங்கி மற்றவர் தொடர்வது போன்ற சிரிப்பொலி எழும். அது நீலகிரி சிரிப்பான். கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிடும் பறவை அது.

அதன் பின் காட்டை அடுக்கடுக்காகப் பாருங்கள். தரையோரப் புதர்களில் கறுப்பும் ஆரஞ்சும் கலந்த ஈப்பிடிப்பான் இருக்கும். அதற்கு மேல், நடுக் கிளைகளில் கருநீல நிறத்து நீலகிரி ஈப்பிடிப்பான். உச்சியில், பழம் தின்ன வரும் நீலகிரி காட்டுப்புறா. புறாவின் பின்கழுத்தில் சதுரங்கப் பலகை போன்ற கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தெரிந்தால் ஐயமே வேண்டாம். ஓடைக்கரை நிழலில் தரையைக் கிளறும் நீலகிரி சோலைக்கிளிதான் எல்லாவற்றிலும் அரியது. பெயரில் கிளி இருந்தாலும் அது கிளியினம் அன்று. கருநீல முதுகும் செம்பழுப்பு விலாவும் கொண்ட சிறு பறவை. அதை வெளியே வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுவோர் உண்டு. அந்தக் குரலைத் தன் எல்லைக்குள் நுழைந்த மற்றொரு பறவையினுடையது என்று நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அது ஓடி வரும். உலக அளவில் அழியும் நிலையிலுள்ள ஓர் இனத்தை இவ்வாறு அலைக்கழிப்பதை எந்தப் புகைப்படமும் நியாயப்படுத்தாது.

வெள்ளைக்கண்ணிகளும் ஈப்பிடிப்பான்களும் மரங்கொத்திகளும் கலந்த கூட்டமொன்று திடீரெனத் தலைக்கு மேல் கடந்து போகும்போது, எல்லாவற்றையும் அடையாளம் காண முயலாமல் ஒரே ஒரு பறவையைத் தேர்ந்து கடைசிவரை பின்தொடருங்கள். குறிப்பேட்டில் நேரம், மரத்தில் அது இருந்த உயரம், அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றை அப்போதே எழுதிவிடுங்கள். விடுதிக்குத் திரும்பி எழுதலாம் என்று விட்டவை பெரும்பாலும் கற்பனை கலந்தே ஏட்டில் ஏறும்.

ஞாயிறன்று மேட்டுப்பாளையம் சாலையில் இறங்கும்போது குஞ்சப்பனைப் பகுதியில் வேறொரு உலகம் தொடங்குகிறது. உயரம் குறையக் குறையச் சோலைப் பறவைகள் விலகி, துடுப்புவால் கரிச்சானும் சாம்பல் காட்டுக்கோழியும் முன்னே வரும். யானைகள் சாலையைக் கடக்கும் இடம் அது என்பதால், கொண்டையூசி வளைவுகளில் வண்டியை நிறுத்தாமல், அகலமான இடத்தில் நிறுத்தி, வண்டியை விட்டு விலகாமல் பாருங்கள். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிப் பறவைகள் அடங்கிவிடும். அதற்குள் மலையடிவாரம் சேரும்படி காலைச் சிற்றுண்டியைச் சற்றுத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.