எட்டு மணி நேர லேப்: சிசிஐஇ செயல்முறைத் தேர்வுக்குத் தயாராகும் முறை

நெட்வொர்க் பொறியாளர்களுக்குச் சிஸ்கோ நிறுவனம் வழங்கும் உயர்நிலைச் சான்றிதழ் சிசிஐஇ. அதன் லேப் (செயல்முறை) தேர்வில், நெட்வொர்க்கை நிறுவும் பகுதியில் இயங்கும் நெட்வொர்க்குக்கு மட்டுமே மதிப்பெண் உண்டு. எத்தனை நூல்களைப் படித்தோம், எவ்வளவு வேகமாகக் கட்டளைகளைத் தட்டினோம் என்பதெல்லாம் அங்கே கணக்கில் வருவதில்லை. நான் அறிந்தவரை, நன்றாகப் படித்தும் தோற்றுத் திரும்பியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள்: கட்டளையை எழுதி முடித்ததையே வேலை முடிந்ததாக எடுத்துக்கொண்டு, அது உண்மையில் இயங்குகிறதா என்று பார்க்காமல் அடுத்த வினாவுக்குப் போய்விட்டார்கள். என் முதல் முயற்சியும் அப்படித்தான் போயிற்று. எனவே இக்கட்டுரையில் சரிபார்த்தலைப் பற்றியே அதிகம் எழுதப்போகிறேன்.

1993-இல் தொடங்கிய இந்தச் சான்றிதழின் லேப் தேர்வு முதலில் இரண்டு நாள் நடந்தது. 2001-இல்தான் ஒரே நாளுக்குள், எட்டு மணி நேரத்துக்குள் வந்தது. 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அமைப்பின்படி அந்த எட்டு மணி நேரம் இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. முதல் மூன்று மணி நேரம் வடிவமைப்புப் பகுதி. அடுத்த ஐந்து மணி நேரம் நெட்வொர்க்கை நிறுவி, இயக்கி, செம்மைப்படுத்தும் பகுதி. மொத்த மதிப்பெண் போதுமான அளவு இருக்க வேண்டும் என்பதோடு, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்ச மதிப்பெண்ணையும் தனித்தனியாக எட்டியாக வேண்டும். ஆகவே, கட்டளைகளில் கைதேர்ந்தவர் வடிவமைப்பை அலட்சியமாக எண்ணினால் அங்கேயே தேர்வு கைவிட்டுப் போய்விடும்.

வடிவமைப்புப் பகுதியில் தட்டிப் பார்க்க ரவுட்டர் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல்கள், நெட்வொர்க் வரைபடங்கள், தேவைகள் ஆகியவற்றைப் படித்து முடிவெடுக்க வேண்டும். ஒரு வினாவுக்கு விடையளித்து நகர்ந்தபின் அதற்குத் திரும்பி வரவும் முடியாது. இதற்குப் பழகும் வழி எளிது. பயிற்சியில் நீங்கள் அமைக்கும் ஒவ்வொன்றுக்கும், ஏன் இதைத் தேர்ந்தெடுத்தேன், இதற்குப் பதிலாக வேறு எதை வைத்திருக்கலாம், அதை ஏன் வேண்டாமென்றேன் என்று மூன்று வாக்கியங்கள் எழுதிவைக்க வேண்டும். சில மாதங்களில் அந்தக் குறிப்பேடே இப்பகுதிக்கான உங்கள் சிறந்த பாடநூலாகிவிடும்.

பயிற்சிக்கு, கணினியிலேயே ரவுட்டர்களை உருவாக்கித் தரும் மென்பொருள்களான ஈவ்-என்ஜி, ஜிஎன்எஸ்3, சிஸ்கோவின் சொந்த சிஎம்எல் ஆகியவற்றில் எதுவும் போதும். கருவியைத் தேர்ந்தெடுப்பதில் வாரக்கணக்கில் செலவழிப்பது வீண். முதல் சில மாதங்களில் ஒவ்வொரு தொழில்நுட்பத்தையும் தனியாக எடுத்து, நான்கைந்து ரவுட்டர்களில் அமைத்து, பிறகு வேண்டுமென்றே உடைத்துப் பார்க்க வேண்டும். உடைத்துப் பார்ப்பதுதான் இதில் முக்கியம். சரியாக இயங்கும் நெட்வொர்க்கை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பழுது தென்படாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு ரவுட்டர்களை ஈதர்நெட் இணைப்பில் வைத்து ஓஎஸ்பிஎஃப் (ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) அமைக்கவும். ஒரு முனையில் நெட்வொர்க் வகையைப் பாயின்ட்-டு-பாயின்ட் (இரண்டு ரவுட்டர்கள் மட்டுமே உள்ள இணைப்பு) என்று மாற்றி, மறுமுனையைப் பிராட்காஸ்ட் (பல ரவுட்டர்கள் பகிரக்கூடிய இணைப்பு) என்றே விட்டுவிடவும். இரண்டு வகைகளுக்கும் ஹலோ (அண்டை ரவுட்டருக்கு அனுப்பும் செய்தியின் இடைவெளி) 10 விநாடி, டெட் (செய்தி வராவிட்டால் அண்டை ரவுட்டர் போய்விட்டதாகக் கொள்ளும் நேரம்) 40 விநாடி என்பதால் நேரங்கள் பொருந்திவிடும். அண்டை ரவுட்டர்களின் பட்டியலைக் கேட்டால் நிலை ‘ஃபுல்’ (முழு இணக்கம்) என்று வரும். அதைப் பார்த்ததும் மனம் நிம்மதியடைந்து அடுத்த வேலைக்குத் தாவிவிடும். ஆனால் ரவுட்டிங் அட்டவணையைத் திறந்தால், எதிர் ரவுட்டரிடமிருந்து வர வேண்டிய வழிகளில் ஒன்றுகூட இருக்காது. ஒரு முனை இந்த இணைப்பை ஒரு விதமாகவும் மறுமுனை வேறு விதமாகவும் விவரிப்பதால், ஓஎஸ்பிஎஃப் தன் வரைபடத்தில் இரண்டையும் இணைக்க முடியாமல் நிற்கிறது. அண்டைப் பட்டியலை மீண்டும் கூர்ந்து பார்த்தால் தடயம் அங்கேயே இருந்திருக்கும்: ஒரு முனையில் ‘ஃபுல்’ என்பதன் பக்கத்தில் பிடிஆர் (பகிர்ந்த இணைப்பின் துணைத் தலைமை ரவுட்டர்) போன்ற ஒரு பொறுப்பும், மறுமுனையில் அதே இடத்தில் வெறும் கோடும் இருக்கும். அந்தக் கோட்டைக் கவனிக்கும் கண்ணைத்தான் நீங்கள் பல மாதங்கள் உழைத்து உருவாக்க வேண்டும். இதே வகையில் எம்டியு அளவு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) பொருந்தாதபோது நிலை எக்ஸ்ஸ்டார்ட் என்ற இடைக்கட்டத்திலேயே சிக்கிக்கொள்வதையும், ஐபிஜிபியில் (பெரிய நெட்வொர்க்குகள் வழிகளைப் பகிரும் பிஜிபி நெறிமுறையின் உள் வடிவம்) நெக்ஸ்ட்-ஹாப் (அடுத்துச் செல்ல வேண்டிய முகவரி) எட்டாததால் வழி வந்தும் பயன்படாமல் கிடப்பதையும் உங்கள் கையாலேயே உண்டாக்கிப் பார்த்துவிட வேண்டும்.

தனித்தனித் தொழில்நுட்பங்கள் கைவந்தபின், அவை ஒன்றையொன்று தொடும் எல்லைகளுக்குப் போக வேண்டும். லேப் தேர்வின் உண்மையான கடினம் அங்கேதான் இருக்கிறது. இஐஜிஆர்பி என்ற மற்றொரு ரவுட்டிங் நெறிமுறையும் ஓஎஸ்பிஎஃபும் இரண்டு ரவுட்டர்களில் ஒன்றுக்கொன்று வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து இஐஜிஆர்பிக்குள் வந்த வழியின் நம்பக எண் 170. முதல் ரவுட்டர் அதை ஓஎஸ்பிஎஃபுக்குள் அனுப்பியதும், இரண்டாம் ரவுட்டர் அதே வழியை 110 என்ற எண்ணோடு ஓஎஸ்பிஎஃப் வாயிலாகவும் கேட்கிறது. சிறிய எண்ணே வெல்லும் என்பதால் அது தவறான திசையை நம்பி, அந்த வழியை இஐஜிஆர்பிக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. பாக்கெட்டுகள் சுற்றத் தொடங்குகின்றன. ஒரு திசையில் போகும்போது வழிகளுக்கு டேக் (அடையாளக் குறி) இட்டு, திரும்பி வரும் திசையில் அந்த டேக் உள்ளவற்றைத் தடுத்துவிட்டால் சிக்கல் தீரும். இதைப் படித்தால் ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். அழுத்தம் நிறைந்த நேரத்தில் பிழையில்லாமல் எழுதுவதற்கோ முப்பது தடவையாவது கை பழகியிருக்க வேண்டும்.

கடைசி இரண்டு மாதங்களில் வாரம் ஒருமுறை, எட்டு மணி நேர முழு ஒத்திகை தவறாமல் நடக்க வேண்டும். கைப்பேசியை அணைத்துவிட்டு, தேர்வில் இருக்கப்போவதைப் போலவே சிஸ்கோவின் ஆவணங்களை மட்டும் வைத்துக்கொண்டு, தேடுபொறியின் உதவியில்லாமல் வேலை செய்ய வேண்டும். எந்தத் தலைப்பு எந்த ஆவணத்தில் எத்தனையாவது கிளையில் இருக்கிறது என்பது நினைவில் இருந்தால்தான் அவை பயன்படும்.

தேர்வு நாளில் ஐந்து மணி நேரப் பகுதி தொடங்கியதும் விசைப்பலகையைத் தொடாமல் இருபது நிமிடம் எல்லா வினாக்களையும் படித்துவிடுங்கள். பதினோராவது வினாவில் வரும் ஒரு நிபந்தனை, மூன்றாவது வினாவை நீங்கள் செய்யும் முறையையே மாற்றிவிடக்கூடும். பிறகு தாளில் வினா எண், மதிப்பெண், முடிந்தது, சரிபார்த்தது என்று நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு பத்திகளும் தனித்தனியாக இருப்பது மிகவும் அவசியம். சுவிட்ச் அளவிலான வேலைகள், உள் ரவுட்டிங், பிஜிபி, அதன் மேல் எழும் விபிஎன் என்று கீழிருந்து மேலாகச் செல்வதே நல்லது. அடித்தளம் ஆடினால் மேலே கட்டியதெல்லாம் ஆடும்.

ஒரு வினாவின் நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் அதன் மதிப்பெண் முழுவதும் போய்விடும் என்றே எண்ணிக்கொண்டு, வினாவை வரிவரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரிக்கும் நிலையைக் காட்டும் ஒரு ‘ஷோ’ கட்டளையாவது, எட்ட முடிகிறதா என்று சோதிக்கும் பிங்காவது சான்றாக வைத்துச் சரிபாருங்கள். நிலையான வழிகளை (கையால் எழுதிவைக்கும் வழிகளை) பயன்படுத்தக் கூடாது என்று வினா சொல்லியிருந்தால், எல்லாம் இயங்கினாலும் அந்த ஒரு நிலையான வழியால் உழைப்பு வீணாகும். ஒரு பழுது பதினைந்து நிமிடத்தில் பிடிபடவில்லை என்றால், செய்த மாற்றங்களைத் திரும்ப எடுத்துவிட்டு, தாளில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். விட்டுப் போக மனம் வராது; ஆனாலும் போய்த்தான் ஆக வேண்டும். கடைசி நாற்பத்தைந்து நிமிடங்களில் புதிதாக எதையும் தொடங்காமல், முதல் வினாவிலிருந்து மறுபடி சரிபார்த்து வாருங்கள், ஏனெனில் பின்னால் செய்த வேலை முன்னால் செய்ததை உடைத்திருப்பது இத்தேர்வில் மிகச் சாதாரணம். ஒவ்வொரு சாதனத்திலும் அமைவைச் சேமித்துவிட்டீர்களா என்பதையும் அப்போதே பாருங்கள்.

கசிந்த வினாத்தாள் என்று சொல்லி விற்கப்படுபவற்றை வாங்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். ரகசியக் காப்பு விதியை மீறுவதால் சான்றிதழ் பறிபோகலாம் என்பது ஒருபுறமிருக்க, அதை நம்பித் தேறியவரின் கையில் ஒரு நாள் உண்மையான நெட்வொர்க் வந்து சேரும். அது நள்ளிரவில் விழுந்துகிடக்கும்போது மனப்பாடம் செய்த விடை எதுவும் உதவாது.

தேறாமல் போனால், அன்று மாலையே உட்கார்ந்து, எந்தத் தொழில்நுட்பத்தில் நேரம் கசிந்தது, எங்கே சரிபார்க்காமல் நகர்ந்தீர்கள் என்பதை உங்களுக்காக மட்டும் எழுதிவையுங்கள். ஒரு வாரம் போனால் அந்த நினைவு மங்கிவிடும். நான் அப்படி எழுதிய பக்கத்தில் ஏழு வரிகள் இருந்தன. அவற்றில் ஐந்து, வேலை முடிந்தும் சரிபார்க்காமல் விட்ட இடங்கள். அடுத்த மூன்று மாதங்கள் புதிதாக ஒரு பாடத்தையும் தொடாமல் அந்த ஐந்தை மட்டுமே திரும்பத் திரும்ப உடைத்துக் கட்டினேன். இரண்டாம் முயற்சியில் தேறினேன்.