பிராகில் முதல் நாள்: தண்டையார்பேட்டையிலேயே தொடங்கிவிடும் தவறுகள்

எங்கள் தெருவில் யாராவது ஐரோப்பா போகிறார்கள் என்றால், பெட்டி கட்டுவதற்கு முன் என் வீட்டுக்கு ஒரு நடை வந்துவிட்டுப் போவார்கள். நான் பெரிய பயணி ஒன்றுமில்லை. செக் நாட்டின் தலைநகரான பிராகுக்கு இரண்டு குளிர்காலங்களில் போய் வந்தவன். முதல் முறை முதல் நாளை முழுதாகக் கோட்டை விட்டவன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறார்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி ஒரு தாளோடு வந்தான். டிசம்பர் கடைசியில் ஐந்து நாள் பயணம். தாளில் 'முதல் நாள்' என்ற தலைப்புக்குக் கீழே கோட்டை, சார்லஸ் பாலம், பழைய ஊர்ச் சதுக்கத்துக் கடிகாரம், படகுச் சவாரி, கிறிஸ்துமஸ் சந்தை என்று ஐந்து வரிகள். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று கேட்டேன். "பன்னிரண்டரைக்கு, அண்ணா."

கணக்கைப் போட்டுக் காட்டினேன். வளைகுடா வழியாகப் போகிறவர்களுக்குக் குடிவரவுச் சோதனை பிராகில்தான். 2025 அக்டோபரிலிருந்து விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் புது முறை வேறு வந்திருக்கிறது, வரிசை நகரச் சற்று நேரமாகும். பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ச் சேர இரண்டரை. அறைச் சாவி கைக்கு வர மூன்று. டிசம்பரில் அங்கே சூரியன் நான்கு மணிக்கே மறைந்துவிடும். ஆக, மிஞ்சுவது ஒரு மணி நேர வெளிச்சம். அதில் ஐந்து இடங்கள்! முதல் நாளை ஒரு நாள் என்று எண்ணுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

அடுத்தது துணி. இதில்தான் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மார்கழியில் இருபது டிகிரிக்கு வந்தாலே மஃப்ளர் தேடுகிற ஊர் நம்முடையது. பிராகில் அந்த மாதத்தில் பகலில் இரண்டு மூன்று டிகிரி, இரவில் பூச்சியத்துக்குக் கீழே. உடனே நாம் என்ன செய்கிறோம்? இருப்பதிலேயே தடிமனான ஸ்வெட்டர் ஒன்றை வாங்கி, உள்ளே வழக்கமான பருத்தி பனியனோடு மாட்டிக்கொள்கிறோம். தெருவில் சமாளித்துவிடலாம். ஆனால் டிராம், கடை, உணவகம் எல்லாவற்றிலும் உள்ளே வெப்பமூட்டி ஓடுகிறது. ஐந்து நிமிடத்தில் வியர்க்கும். பருத்தி அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மறுபடி வெளியே வந்தால் ஈரத்துணியை முதுகில் ஒட்டியது போல இருக்கும். வெளிக்குளிரைவிட இந்த ஈரம்தான் ஆளை வீழ்த்துகிறது.

உடம்போடு ஒட்டிய தெர்மல் உடை, அதன்மேல் லேசான கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு என்று மூன்று அடுக்காகப் போட்டால், உள்ளே போகும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி எடுத்துப் பழகிய கைக்கு 'கனமாக இருந்தால்தான் நல்லது' என்று தோன்றும். இங்கே அந்தக் கணக்கு உதவாது. காலணியிலும் அப்படித்தான். இரண்டு ஜோடி காலுறையை இறுக்கித் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும். கட்டைவிரல் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். கேன்வாஸ் ஷூ வேண்டவே வேண்டாம், உருகிய பனியில் நனைந்துவிடும்.

இதெல்லாம் தெரிந்து சரியான கோட்டை வாங்கியும் நான் ஏமாந்தேன். மீனம்பாக்கத்தில் அதிகாலையிலும் வியர்த்தது. கோட்டைச் சுருட்டிப் பெரிய பெட்டிக்குள் போட்டு, பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டேன். விமானம் மாறும் இடத்தில் பெட்டி மட்டும் தங்கிவிட்டது. முழுக்கைச் சட்டையோடு டிராம் நிறுத்தத்தில் நின்றபோது கைப்பையில் மிச்சமிருந்தது ஓர் ஈரிழைத் துண்டு. அதைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். எதிரே நின்ற மூதாட்டி முதலில் துண்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு நாகரிகமாக வானத்தைப் பார்த்தார். பெட்டி மறுநாள் மாலை வந்தது. கோட்டு, தெர்மல், மருந்து மூன்றும் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டி வராவிட்டால் பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள கவுன்டரில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு மூட்டையைப் பற்றி அம்மாக்கள் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் அடக்கம். கறிவேப்பிலைக் கொத்தும் சான்றிதழ் இல்லாமல் போகாது. வாழைப்பழமும் தேங்காயும் போகலாம். வேடிக்கை என்னவென்றால், மீனுக்குத் தனி விதி: 20 கிலோ வரை அனுமதி. காசிமேட்டுக் கருவாடு சட்டப்படியே பிராக் போகலாம். வாசனைக்குச் சட்டத்தில் இடமில்லாததால் கட்டுவதை மட்டும் கவனமாகக் கட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், உதட்டு வெடிப்புக்கு வாஸலின் வைத்துக்கொள்வது மேல்.

பணம். செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தாலும் அங்கே யூரோ இல்லை, கொருனா. இதை இறங்கிய பிறகு தெரிந்துகொள்கிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பெரிய சிக்கல் நம் வங்கி அட்டை. ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புது அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முடக்கப்பட்டே வருகிறது. நாமாக வங்கிச் செயலியில் திறந்துவிட வேண்டும். கிளம்பும் முன்பே அதைச் செய்யுங்கள். ஓடிபி வரும் சிம்முக்கு ரோமிங்கும் வேண்டும். ஏடிஎம் திரையில் 'ரூபாயில் கழிக்கட்டுமா?' என்று கேட்டால் மயங்கிவிடாதீர்கள், அந்த மாற்று விகிதம் நமக்குப் பாதகமானது. கொருனாவையே தேர்ந்தெடுங்கள். நாணயமாற்றுக் கடையில் ஏமாந்துவிட்டால் ரசீதோடு 3 மணி நேரத்துக்குள் திரும்பிப் போய் ரத்து செய்ய அந்த நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 1,000 யூரோ மதிப்பு வரைக்கும் செல்லும். தெருவில் நின்று மாற்றித் தருகிறேன் என்பவரிடம் எந்தச் சட்டமும் உதவாது.

விம்கோ நகரில் ஏறினால் ஒரே ரயிலில் விமான நிலையம் என்பது நம் மெட்ரோ. அங்கே விமான நிலையத்திலிருந்து முதலில் டிராலிபஸ் (மேலே மின்கம்பியைத் தொட்டு ஓடும் பேருந்து), பிறகு மெட்ரோ. நம் நிலையத்தில் டிக்கெட் இல்லாமல் கதவு திறக்காது. பிராக் மெட்ரோவில் கதவே கிடையாது. இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, வண்டியிலோ நிலைய வாசலிலோ உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி நேரம் பதிய வேண்டும். பதியாத டிக்கெட், டிக்கெட் இல்லாததற்குச் சமம். சாதாரண உடையில் வரும் பரிசோதகரிடம் 'ஊருக்குப் புதுசு' என்று சொல்லிப் பயனில்லை.

சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள், வண்டிகள் வலப்பக்கமாக ஓடும் ஊர் அது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் நெடுஞ்சாலையைக் கடந்தவர்களுக்கு ஒரு மிதப்பு இருக்கும். ஆனால் சென்னையில் டிராம் 1953இலேயே நின்றுவிட்டது, நமக்கு அதன் பழக்கமில்லை. பாதசாரிகளுக்கான வரிக்கோட்டில் நடந்தாலும் அங்கே டிராமுக்குத்தான் முன்னுரிமை.

இனி அன்று மாலை. அறைக்குப் போனதும் 'சும்மா அரை மணி' என்று கட்டிலில் சாய்வார்கள். பிராக் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை ஐந்து என்றால் உடம்புக்கு இரவு ஒன்பதரை. வெளியே கும்மிருட்டு வேறு. அரை மணியாவது ஒன்றாவது! நள்ளிரவில் விழித்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முகத்தைக் கழுவிவிட்டு வெளியே போய்விடுங்கள். 1410இல் பொருத்திய கடிகாரம் இரவு பதினொன்று வரை மணிக்கொரு முறை பொம்மைகளைக் காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு பூண்டு சூப் குடியுங்கள். நம் பூண்டு ரசத்துக்குத் தூரத்துச் சொந்தம் அது. இறைச்சிச் சாறு கலந்ததா என்று சைவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். எட்டு, எட்டரை வரை கண்ணைத் திறந்து வைத்திருந்தால் மறுநாள் நான்கு மணிவாக்கில் தானாக விழிப்பு வரும். சூரியன் உதிக்க எட்டு மணி ஆகும். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சார்லஸ் பாலத்துக்குப் போனால் கூட்டமே இருக்காது.

தம்பி பேனாவை வாங்கி நான்கு வரிகளை அடித்தான். கடிகாரம் மட்டும் மிஞ்சியது. அன்று மாலை அவனுடைய அம்மா மாடியிலிருந்தே என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "கருவாட்டை எத்தனை உறை போட்டுக் கட்ட வேண்டும்?"

மூன்று என்றேன்.