ஏற்காட்டில் காளான் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள சார்லவாய் என்னும் சிற்றூரில், எர்ல் யங் (1889–1975) கட்டிய கல் வீடுகளை ஊரார் காளான் வீடுகள் என்பார்கள். கட்டடக்கலைப் படிப்பைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்ட அவர், வீட்டுமனைத் தொழில் செய்துகொண்டே, பெரும்பாறைச் சுவர்களையும் அலைபோல் நெளியும் கூரைகளையும் தாமாகவே கற்றுக் கட்டியவர். மனத்துக்குப் பிடித்த பாறை அகப்பட்டால், அதை ஒளித்து வைத்துவிட்டு ஏற்ற வீடு அமையும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பாராம். அவரைப் பார்த்து ஏற்காட்டில் கட்ட விரும்புவோரும் கல் சேர்ப்பதிலிருந்தே தொடங்க வேண்டும்.

சேர்வராயன் மலைக் கருங்கல், நிலவியலார் சார்னோகைட் என்று வகைப்படுத்தும் பாறை. உள்ளே இறுகியிருந்தாலும், நெடுங்காலம் மண்ணில் கிடந்த உருண்டைகளின் மேற்புறம் வெங்காயத் தோல்போல் பழுப்பாய் உரியும். சுத்தியலால் தட்டும்போது கிண்ணென்று ஒலித்தால் அந்தக் கல்லைச் சுவருக்கு எடுத்துக்கொள்ளலாம். பொத்தென்று ஒலித்தால், கிண்ணென்ற ஓசை வரும்வரை தோலை உளியால் சீவியெடுக்க வேண்டும். காட்டிலிருந்தோ ஓடையிலிருந்தோ கல் எடுப்பது குற்றம். அடித்தளத்துக்காக வானம் தோண்டும்போது உங்கள் மனையிலேயே வெளிப்படும் கல் அழகுக்குப் பெரும்பாலும் போதும், குறைவதை மட்டும் விலைக்கு வாங்கலாம். ஏற்காட்டு ஊர்கள் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வருவதால், அனுமதி கைக்கு வரும்வரை வானம் தோண்ட வேண்டாம்.

சேர்த்த கற்களை எல்லாம் புல்தரையில் பரப்பி, ஒரு வாரமாவது பார்த்துக்கொண்டிருங்கள். எது மூலைக்கு, எது வாசல் வளைவின் உச்சிக்கு என்பது அப்போதுதான் புலப்படும். வளைந்த சுவருக்கு, முளையடித்துக் கட்டிய கயிற்றைச் சுழற்றித் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவதே எளிய வழி.

தோற்றம் எவ்வளவு கோணலாக இருந்தாலும், சுவரின் உள்ளமைப்பில் விளையாடக் கூடாது. கனம் பதினைந்து அங்குலத்துக்குக் குறையாமல், ஒவ்வொரு கல்லும் தன் அகன்ற பக்கத்தில் படுத்திருக்க, சந்துகளில் வெறும் கலவையைக் கொட்டாமல் சக்கைக் கல்லை, அதாவது சிறு கற்சில்லுகளை, அடித்து இறுக்க வேண்டும். சுவரின் இரு முகங்களையும் எட்டும் நீளக் கல்லை ஐந்தடிக்கு ஒன்றாவது குறுக்கே வையுங்கள். நான் முதலில் எழுப்பிய தோட்டச் சுவரில் இதை விட்டுவிட்டேன். ஐப்பசி மழையில் அது நடுவே தொப்பை தள்ளி நின்றது, பிரித்துத் திரும்பக் கட்ட ஒன்பது நாள் பிடித்தது. ஒரே நாளில் மூன்றடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். அடித்தள மட்டத்திலும் ஜன்னல் தலைப்பிலும் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை சுற்றி ஓடட்டும். வெளியே தெரியாதபடி முன்புறத்தைக் கல்லால் மறைத்துக்கொள்ளலாம்.

கூரையில் மட்டும் சார்லவாயைப் பின்பற்றாதீர்கள். அங்கு வேயப்பட்ட தேவதாரு மரச்சில்லுகள் இங்கத்திய ஈரத்தில் உளுத்துப்போகும் என்பது என் கருத்து. கம்பியை வளைத்து, கோழிவலை கட்டி, சிமென்ட் சாந்து பூசினால் அதே நெளிவு கிடைக்கும். விளிம்பைச் சுவரிலிருந்து இரண்டடி வெளியே நீட்டி, அடிப்பக்கத்தில் நீர் சொட்டுவதற்கு ஒரு காடி, அதாவது நீளப் பள்ளக் கோடு, எடுக்க வேண்டும். இல்லையேல் மழைநீர் கூரையின் அடிவழியே ஊர்ந்து சுவருக்குள் இறங்கிவிடும்.

கல்லிடுக்குக் கலவையை முகத்திலிருந்து அரை அங்குலம் உள்வாங்கிப் பூசினால் ஒவ்வொரு கல்லும் தனித்துத் தெரியும். உட்பூச்சை ஒரு மழைக்காலம் கழியும்வரை தள்ளிப்போடுங்கள்; ஈரம் கசியும் இடங்களைக் கரிக்கட்டியால் குறித்து, முதலில் அவற்றை அடைத்துவிட்டுப் பிறகு பூசலாம்.