பேசாதவரையும் பேச்சுக்காரரையும் எழுத்தில் விவரிப்பது எப்படி

வன்னியில் ஒருவருடைய சுபாவத்தை எழுத்தில் வைக்கவேண்டிய தேவை பெரும்பாலும் மாணவர் தேர்ச்சி அறிக்கையிலோ, கலியாணப் பேச்சிலோ, 31ஆம் நாள் நினைவு மலரிலோதான் வருகிறது. மூன்றிலும் ‘அமைதியானவர்’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். அந்தச் சொல் யாருக்கும் பொருந்தும் என்பதால் எவரையும் அடையாளம் காட்டுவதில்லை.

அவர் ஏன் பேசாதிருக்கிறார் என்பதை முதலில் கவனியுங்கள். புது ஆட்களைக் கண்டு தயங்குபவர் கூச்ச சுபாவம் உள்ளவர். எல்லாம் தெரிந்திருந்தும் தன்னை முன்னே தள்ளாதவர் அடக்கமானவர். எத்தனை முறை கேட்டாலும் விடயத்தை வெளியே விடாதவர் அழுத்தக்காரர். தனக்கு நேர்ந்த அநியாயத்துக்குக்கூட வாய் திறவாதவரை வாயில்லாப்பூச்சி என்கிறோம். அதில் இரக்கத்தோடு சற்று இளக்காரமும் கலந்திருக்கிறது. ‘அமசடக்கு’ என்பதைப் பாராட்டாக எண்ணி எழுதிவிடாதீர்கள், ஏனெனில் வெளியே சாதுவாக இருந்துகொண்டு உள்ளே திட்டம் போடுபவரையே அது குறிக்கும். உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் விளக்கிய அகமுகி (தன்னுள் ஒதுங்குபவர்), புறமுகி (பிறரோடு கலப்பவர்) என்ற வகைப்பாடு கல்வியியற் கல்லூரி ஒப்படைக்கு உதவும், நினைவு மலருக்கு உதவாது.

போர் முடிந்த 2009க்குப் பின் பேச்சுக் குறைந்தவர்களைச் சுபாவச் சொற்களால் குறிப்பது பிழை. முன்பு ஊரெல்லாம் கதைத்துச் சிரித்துத் திரிந்த ஒருவரை ‘இயல்பிலேயே அமைதியானவர்’ என்று எழுதினால், அவருடைய முன்னைய வாழ்வையே அழித்தவராவோம். ‘பேச்சைக் குறைத்துக்கொண்டவர்’ என்பதே நேர்மையானது.

எதிர்ப்பக்கத்தில், கலகலப்பானவர் என்பது புகழ்ச்சி, அலட்டுகிறவர் என்பது சலிப்பு, ஓட்டைவாய் என்பது எச்சரிக்கை. ஒரே அளவு பேசும் ஆணைக் கலகலப்பானவர் என்றும் பெண்ணை வாயாடி என்றும் எழுதும் வழக்கத்தை, குறிப்பாகத் தேர்ச்சி அறிக்கை எழுதும் ஆசிரியர்கள், விட்டுவிடவேண்டும்.

பொருத்தமான சொல் அகப்படாவிட்டால் செயலை எழுதுங்கள். ‘கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் கடைசி வாங்கில் இருப்பார், சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணீர் எத்தனை ஏக்கருக்குக் காணும் என்ற வாக்குவாதம் முற்றிய பிறகு எழுந்து ஒரு வசனம் சொல்லுவார், அதோடு எல்லோரும் கையெழுத்து வைக்கப் போய்விடுவார்கள்’ என்று எழுதினால் அடைமொழியே தேவைப்படாது.

அச்சகத்துக்குக் கொடுக்கமுன் வீட்டார் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ‘அப்பா இப்படியோ இருந்தவர்?’ என்று அவர் கேட்டால், அந்த வரியை மாற்றுங்கள்.