ரெய்டு கன்ட்ரோலரின் பேட்டரி போனால் வேகமும் போகும்

ரெய்டு 5-இல் (தரவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைத்து, ஒரு டிஸ்க் போனாலும் மீட்க உதவும் முறை) ஓடிய எங்கள் டேட்டாபேஸ் சர்வரில் எழுதும் வேகம் திடீரென்று படுத்துவிட்டது. டிஸ்க்குகளில் எந்தக் கோளாறும் இல்லை. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரின் அமைப்புகளைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது: அதன் கேஷை (எழுத வேண்டிய தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) கரண்ட் போனாலும் காக்கும் பேட்டரி பழுது. அதனால் கன்ட்ரோலர் ரைட்-பேக்கிலிருந்து (கேஷில் எழுதியதுமே வேலை முடிந்ததாகச் சொல்லும் முறை) ரைட்-த்ரூவுக்குத் (டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகே அப்படிச் சொல்லும் முறை) தானாகவே மாறியிருந்தது. ரெய்டு 5-இல் கொஞ்சமாக எழுதினாலும் பழைய தரவு, பழைய பாரிட்டி (இழந்த தரவை மீட்க உதவும் கணக்குத் தகவல்) இரண்டையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். மொத்தம் 4 வேலை. கேஷ் தாங்காவிட்டால் அவ்வளவும் டிஸ்க்கின் தலையில்தான்.

பேட்டரி இல்லாமலே ரைட்-பேக்கைக் கட்டாயப்படுத்தவும் வழி உண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். கரண்ட் போனால் கேஷில் இருக்கும் தரவும் போய்விடும். சர்வரை அணைத்துப் புது பேட்டரி போட்டேன். சார்ஜ் ஏறியதும் ரைட்-பேக் தானே திரும்பியது, வேகமும் வந்துவிட்டது. அப்புறம் பேட்டரி நிலைக்கும் மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்தேன்.